இரண்டு விநாடி நிறுத்தம்

(திருவொற்றியூரில் பொறியியல் மாணவர்களும், துறைமுகச் சரக்கு அலுவலகங்களில் கணினிப் பணி செய்வோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ராயபுரம், மணலி, எண்ணூர்ப் பக்கம் சரக்கு அலுவலகங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற தம்பி, தங்கைகளும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அன்றாடம் வரும் போன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "சார், சாஃப்ட்வேர் தொங்குது." நீங்கள் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் ஓட ஆரம்பித்திருக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கும், நெட்வொர்க் ஒழுங்காக இருக்கும். "இப்ப ஓடுதே" என்று சொல்லிவிட்டுத் திரும்புவீர்கள். அரை மணி கழித்து அதே போன். இப்படி வந்து வந்து போகிற தொங்கலுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். தரவுத்தள மென்பொருள் தன் நினைவகத்தில் சேர்ந்துவிட்ட குப்பையை அள்ளுவதற்காக மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவைக்கிற சில விநாடிகள் அவை. கார்பேஜ் கலெக்‌ஷன், சுருக்கமாக ஜிசி. அந்த நிறுத்தத்தை நம் ஆட்கள் ஜிசி பாஸ் என்பார்கள்.

"இரண்டு விநாடிதானே" என்று இதைத் தள்ளிவிடுகிற பழக்கம் நம் துறையில் இருக்கிறது. அந்தப் பழக்கம் தவறு என்பதுதான் என் பேச்சு முழுவதும்.

கணக்கை நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் திறக்கப்பட்டது. கன்டெய்னருக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் முனையம் அதுதான். அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்குத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டையும் அதற்கு வெளியே நிற்கும் டிரெய்லர் வரிசையையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதவரம், மணலியில் இருக்கும் சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையங்களிலிருந்து பெட்டியை ஏற்றி வந்த லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வண்டிக்கு அடியில் நிழல் பார்த்து ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைக்கிற டிரைவரைப் பார்த்திருப்பீர்கள். காகிதங்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நடந்து போய், "எதுக்கு நிக்குது" என்று விசாரித்துவிட்டு வருகிற கிளீனரையும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசைக்குச் சாலை, சோதனை, கப்பல் வரும் நேரம் என்று எத்தனையோ காரணம். ஜிசிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசை எப்படிக் கூடுகிறது, எப்படிக் கரைகிறது என்கிற கணக்கு மட்டும் எனக்கு வேண்டும்.

ஒரு கேட் மணிக்கு 60 லாரியை உள்ளே விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 லாரி வருகிறது. கேட்டுக்குச் சிரமமே இல்லை, வரிசையும் இல்லை. இப்போது ஒரு மணி நேரம் கேட்டை மூடுகிறோம். திறக்கும்போது வெளியே 50 லாரி நிற்கும். சரி, திறந்தாயிற்று. ஆனால் புதிய லாரிகள் வருவது நிற்கவில்லையே! மணிக்கு 50 வந்துகொண்டேதான் இருக்கிறது. கேட்டுக்கு மிச்சமிருக்கிற தெம்பு மணிக்குப் பத்து லாரிதான். நின்றுபோன 50-ஐக் கரைக்க ஐந்து மணி நேரம் ஆகும். மூடியது ஒரு மணி நேரம், அதன் விளைவு ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தில் வந்த 300 லாரியும் காத்திருந்திருக்கும். கேட்டை மூடிய பிறகு ஐந்து மணி நேரம் கழித்து வந்த டிரைவருக்கு, கேட் எப்போதோ மூடியிருந்தது என்பதே தெரியாது. அவரும் நிற்பார்.

சர்வரிலும் இதே கணக்குதான். விநாடிக்கு 1,000 கோரிக்கையைக் கையாளக்கூடிய தரவுத்தளத்துக்கு 900 வருகிறது. ஜிசி இரண்டு விநாடி நிறுத்துகிறது. வாசலில் 1,800 சேர்ந்துவிடுகிறது. மிச்சத் திறன் விநாடிக்கு 100. வரிசை கரைய 18 விநாடி. ஆக, லாக்கில் இரண்டு விநாடி என்று பதிவாகிற ஒரு நிறுத்தம் 20 விநாடி நேரம் 18,000 கோரிக்கைகளைத் தாமதப்படுத்தியிருக்கிறது.

உண்மையில் இதைவிட மோசமாகும். அழைக்கிற மென்பொருளுக்குப் பொறுமை கிடையாது. ஒரு விநாடிக்குள் பதில் வராவிட்டால் அதே கோரிக்கையை மறுபடியும் அனுப்பும்படி யாரோ எழுதிவைத்திருப்பார்கள். பழைய கோரிக்கையும் வரிசையில் நிற்கும், புதியதும் போய் நிற்கும். விழித்தெழுந்த சர்வர், கேட்டவர் எப்போதோ கைவிட்டுப்போன கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் தயாரித்துக்கொண்டிருக்கும். இரண்டு விநாடி நிறுத்தம் அரை மணி நேர முடக்கமாக மாறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இனி, இதை நாம் எப்படி அளக்கிறோம் என்று பாருங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி இரண்டு விநாடி நிற்கிற சர்வர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் 5,40,000 கோரிக்கைகள் வருகின்றன. தாமதமான 18,000 கோரிக்கைகளும் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 18,000 விநாடி. அதை எல்லாக் கோரிக்கைகளுக்கும் பங்கிட்டால் சராசரி ஏறுவது 33 மில்லிவிநாடி மட்டுமே. மேலதிகாரிக்குப் போகிற வரைபடத்தில் அது ஒரு சின்ன மேடாகக்கூடத் தெரியாது. "சராசரி பதில் நேரம் நன்றாக உள்ளது" என்று அறிக்கை போகும். ஆனால் முப்பது பேரில் ஒருவர் காத்திருந்திருக்கிறார், அவர்களில் சிலர் ஏறக்குறைய இரண்டு விநாடி முழுவதும். சராசரி என்பது காத்திருக்காத 29 பேரைக் கேட்டு, காத்திருந்த ஒருவரின் குறையைத் தள்ளுபடி செய்வது.

சோதனைக் கருவிகளே பொய் சொல்வதும் உண்டு. அசுல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கில் டெனே இதைப் பல ஆண்டுகளாக மேடைக்கு மேடை எடுத்துச் சொல்லிவருகிறார். ஒரு சோதனைக் கருவி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது. சர்வர் இரண்டு விநாடி நின்றால் கருவியும் கூடவே நின்றுவிடும். அந்த இரண்டு விநாடியில் அது அனுப்பியிருக்க வேண்டிய கோரிக்கைகள் கணக்கிலேயே வராது. பதிவாவது ஒரே ஒரு தாமதம். கேட் மூடியிருக்கும்போது லாரிகளைச் சி.எஃப்.எஸ்.ஸிலேயே நிறுத்திவைத்துவிட்டு, "சாலையில் வரிசையே இல்லை" என்று எழுதுவதற்குச் சமம் இது. காத்திருந்தவரின் பக்கம் நின்று அளக்காத எந்த அளவையும் நம்பாதீர்கள்.

இனி நிறுத்தம் ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

எந்த மென்பொருளும் ஓடும்போது நினைவகத்தில் இடம் கேட்டுக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும். சி மொழியில் எழுதுபவர் தானே நினைவு வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். மறந்தால் நினைவகம் ஒழுகும். இன்னும் பயன்பாட்டில் இருப்பதைத் தவறிப்போய்த் திருப்பிவிட்டாலோ மென்பொருளே விழும். இந்தச் சுமையை மனிதரிடமிருந்து எடுத்து எந்திரத்திடம் கொடுத்தவர் ஜான் மெக்கார்த்தி. எம்ஐடியில் ஐபிஎம் 704 கணினியில் லிஸ்ப் மொழியை உருவாக்கியபோது அவர் வகுத்த முறை 1960-இல் வெளியான கட்டுரையில் இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் பொருள்களில் தொடங்கி, அவை சுட்டுகிறவை, அவை மேலும் சுட்டுகிறவை என்று தொடர்ந்து போய், எட்ட முடிந்ததையெல்லாம் குறியிடுவது. குறி விழாதது குப்பை. அதை அள்ளி மீண்டும் இடமாக்குவது. அடிப்படை இன்றும் இதுதான்.

நிறுத்தமும் அன்றே வந்துவிட்டது. மெக்கார்த்தி பின்னாளில் எழுதிய லிஸ்ப் வரலாற்றில் இந்த நிகழ்ச்சி இருக்கிறது. எம்ஐடிக்கு ஆதரவளிக்கும் தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்கு லிஸ்ப்பை இயக்கிக் காட்டுகிறார்கள். பார்வையாளர்கள் நான்காம் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணினியோடு இணைத்த தட்டச்சு எந்திரத்தைத் தொலைக்காட்சித் திரையில் பார்க்கிறார்கள். எல்லாம் மெதுவாக, ஆனால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று அந்த எந்திரம், கார்பேஜ் கலெக்டர் அழைக்கப்பட்டது, சுவையான சில புள்ளிவிவரங்கள் பின்வருமாறு என்று விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் அடிக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் நிறைய அடித்துக்கொண்டே போனது. ஒத்திகையின்போது நினைவகம் தீரவில்லை. ஒத்திகைக்குப் பிறகு அதைப் புதுப்பிக்காமல் விட்டதால் மேடையில் தீர்ந்துவிட்டது. கார்பேஜ் கலெக்டர் என்ற பெயர் அவையில் யாருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.  ஒதுக்கப்பட்ட நேரம் அதிலேயே தீர்ந்துபோனது. இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒத்திகையில் வராத நிறுத்தம் மேடையில் வந்தது. உங்கள் சோதனைச் சர்வரில் வராதது மாதக் கடைசியில் பில் போடும் நாளில் வருவதும் இதே காரணத்தால்தான். நினைவகம் நிரம்புவதற்குப் போதுமான நேரமும் சுமையும் சோதனையில் கொடுக்கப்படுவதில்லை.

ஜாவா, கோ, சி ஷார்ப் என்று இன்று நாம் எழுதும் மொழிகள் பலவற்றில் ஜிசி இருக்கிறது. சாதாரண வலைச் செயலிகள் அதனால் பெரிதாகத் துன்பப்படுவதில்லை. 1984-இல் டேவிட் அங்கர் ஒரு கவனிப்பைச் செயலாக்கிக் காட்டினார். பெரும்பாலான பொருள்கள் பிறந்தவுடனே செத்துவிடுகின்றன; கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தவை நெடுநாள் இருக்கின்றன. ஆகவே இளையவற்றை ஒரு சிறு பகுதியில் வைத்து அதை மட்டும் அடிக்கடி கூட்டினால் போதும். ஒரு வலைப்பக்கக் கோரிக்கை வருகிறது, சில பொருள்கள் பிறக்கின்றன, பதில் போனதும் எல்லாம் குப்பை. அங்கரின் கவனிப்பு அப்படியே பொருந்தும்.

தரவுத்தளத்துக்கு அது பொருந்துவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். எச்பேஸ், கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்கள் எழுதப்படுவதை முதலில் நினைவகத்தில் சேர்த்துவைக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் மொத்தமாக டிஸ்க்கில் இறக்கும். அதாவது அந்தப் பொருள்கள் இளமையில் சாவதில்லை, முதுமை வரை இருப்பதுமில்லை. நடுவயதில் கூட்டமாகச் சாகின்றன. சாவதற்குள் மூத்தவற்றின் பகுதிக்குப் போய்விடுகின்றன. அங்கே பல அட்டவணைகளின் துணுக்குகள் கலந்து கிடக்கும். ஓர் அட்டவணையை டிஸ்க்கில் இறக்கினால் நினைவகம் முழுவதும் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். மொத்தமாகப் பார்த்தால் இடம் நிறைய இருக்கும், பெரிய பொருள் ஒன்றுக்கு ஓரிடத்தில் இடம் இருக்காது. அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உயிரோடிருப்பதையெல்லாம் ஒரு பக்கமாக நகர்த்தி நெருக்கி அடுக்க வேண்டியிருக்கும். நீளமான நிறுத்தம் அதுதான். கிளவுடெரா நிறுவனத்தில் இருந்த டாட் லிப்கான் 2011-இல் இதை எச்பேஸில் படம் போட்டு விளக்கினார். அன்றைய ஜாவாவில், ஹீப் எனப்படும் இந்த நினைவகப் பகுதியில் ஒரு ஜிபிக்கு எட்டு முதல் பத்து விநாடி வரை இந்த நிறுத்தம் நீளக்கூடும். அவர் செய்த மாற்றம் எளிமையானது. ஒவ்வொரு பகுதியின் தரவையும் 2 எம்பி பாளங்களாக ஒதுக்கி, அதற்குள்ளேயே எழுதவைத்தார். இறக்கும்போது பாளம் பாளமாக விடுபடும். ஓட்டைகள் பெரிதாக, பயன்படும்படி விழும். குப்பை அள்ளுபவரைக் குறை சொல்லாமல் குப்பை போடுகிற விதத்தைத் திருத்தியதால் எனக்கு இந்தத் தீர்வின்மீது பெரிய மரியாதை.

நிறுத்தத்தின் இன்னொரு ஆபத்து, பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் இடத்தில் தெரியும். ஒரு சர்வர் உயிரோடிருக்கிறதா என்று மற்றவை அடிக்கடி நாடி பார்த்துக்கொண்டிருக்கும். ஜிசிக்காக நிற்கிற சர்வரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எச்பேஸில் ஜூகீப்பர் என்கிற கண்காணிப்பு மென்பொருள், குறித்த நேரம் தாண்டியதும் அந்தச் சர்வர் இறந்துவிட்டதாக முடிவுகட்டும். அதன் பொறுப்பில் இருந்த தரவு வேறு சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். இதற்குள் நம் சர்வர் கூட்டி முடித்து விழித்துக்கொள்ளும். தான் இறந்ததாக அறிவிக்கப்பட்ட செய்தியைத் தெரிந்துகொண்டு, ஒழுங்காகத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். எச்பேஸ்காரர்கள் இதற்கு ஜூலியட் பாஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் சுமையெல்லாம் பக்கத்துச் சர்வர்கள் தலையில் விழும். அவற்றிலும் நினைவகம் நிரம்பும். அவையும் நிற்கும்.

தான் இறந்ததாக அறிவிக்கப்பட்டதைத் தெரிந்துகொள்ளாமலே ஒரு சர்வர் எழுதிவிட்டால் நிலைமை இன்னும் கெடும். ஒரு கோப்பை மாற்றும் உரிமையைப் பத்து விநாடிக்குப் பெற்ற ஒரு நிரல், பெற்ற கையோடு பதினைந்து விநாடி ஜிசியில் நின்றுவிட்டது என்று வையுங்கள். உரிமை காலாவதியாகி அடுத்தவருக்குப் போய்விட்டது. விழித்தெழுந்த நிரலுக்கு நேரம் போனதே தெரியாது. அது பாட்டுக்கு எழுதும். இருவர் எழுதியதில் தரவு கெடும். மார்ட்டின் கிளெப்மன் 2016-இல் இதைத் தெளிவாக எழுதினார். எச்பேஸில் இந்தப் பிழை ஒருகாலத்தில் இருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு உரிமைக்கும் ஏறுமுகமாக ஓர் எண் கொடுக்க வேண்டும். சேமிப்பகம் கடைசியாகப் பார்த்த எண்ணைவிடச் சிறிய எண்ணோடு வருகிற எழுத்தை மறுக்க வேண்டும். இதுதான் வழி. மாணவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நான் சோதித்துப் பார்த்தேன், உரிமை இருந்தது" என்கிற வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

தீர்வுகளுக்கு வருகிறேன். ஒரு வழி, வேலை நடக்கும்போதே கூட்டுவது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, லெஸ்லி லாம்போர்ட் முதலான ஐவர் 1978-இலேயே இதை எழுதிவிட்டார்கள். நடைமுறைக்கு நன்றாக வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. கோ மொழி 2015-இல் வந்த 1.5 பதிப்பில் நிறுத்தத்தைப் பத்து மில்லிவிநாடிக்குள் கொண்டுவந்தது. ஜாவாவில் ஜி1 என்கிற ஜிசி 2017 முதல் இயல்பான தேர்வானது. 2018-இல் சோதனையாக வந்த இசட்ஜிசி 2020-இல் முழுப் பயன்பாட்டுக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது. ஹீப் எத்தனை பெரியதானாலும் நிறுத்தம் ஒரு மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இப்போது அதன் இலக்கு. ஆனால் இலவசம் என்று எதுவும் இல்லை. உடனிருந்து கூட்டுவதற்கு சிபியுவும் கூடுதல் நினைவகமும் வேண்டும். கூட்டுகிற வேகத்தைவிடப் போடுகிற வேகம் அதிகமானால், இடம் கேட்டு வந்த த்ரெட் அங்கேயே நிற்கும். நிறுத்தம் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

இன்னொரு வழி, ஜிசி பார்வையிலிருந்தே தரவை எடுத்துவிடுவது. கசாண்ட்ரா 2014-இல் வந்த 2.1 பதிப்பில் எழுதப்படும் தரவை ஹீப்புக்கு வெளியே வைக்க வழி செய்தது. ஸ்கில்லாடிபி அதற்கும் மேலே போய், கசாண்ட்ராவின் வடிவத்தையே சி++ மொழியில் புதிதாக எழுதியது. டிஸ்கார்டு நிறுவனம் தன் செய்திகளையெல்லாம் கசாண்ட்ராவில் 177 கணுக்களில் வைத்திருந்தது. நீண்ட ஜிசி நிறுத்தங்கள் தங்கள் பொறியாளர்களை வாட்டியதாக வெளிப்படையாக எழுதியது. 2022-இல் 72 ஸ்கில்லாடிபி கணுக்களுக்கு மாறியது. இதைக் கேட்டதும் "ஜாவா மோசம், எல்லாவற்றையும் திருப்பி எழுதுவோம்" என்று கிளம்புகிற இளைஞர்களை நான் பார்க்கிறேன். வேண்டாம். அந்தச் சுமையும் அந்த வசதியும் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் மாற வேண்டியது நான்கைந்து அமைப்புகளும் ஒரு மோசமான வினவலும் மட்டுமே.

சி மொழியில் எழுதிய போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு ஜிசி இல்லை" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். உங்கள் குப்பை டிஸ்க்கில் சேர்கிறது. போஸ்ட்கிரஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அழிவதில்லை. புதிய வரி ஒன்று எழுதப்படும். பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருக்கலாம் என்பதற்காக அது அப்படியே கிடக்கும். எல்லோரும் போன பிறகு வேக்வம் என்கிற வேலை வந்து அதை அள்ள வேண்டும். 2002-இல் வந்த 7.2 பதிப்புக்கு முன்பு வேக்வம் ஓடினால் அந்த அட்டவணையே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகுதான் வேலை நடக்கும்போதே கூட்ட முடிந்தது. 2008-இல் வந்த 8.3 முதல் ஆட்டோவேக்வம் தானாகவே ஓடுகிறது. "அது சிபியுவைத் தின்கிறது" என்று சொல்லி இதை அணைத்து வைத்திருக்கிற அலுவலகங்கள் இன்னும் உண்டு. பரிவர்த்தனைகளுக்குப் போஸ்ட்கிரஸ் கொடுக்கிற எண் 32 பிட். பழையவற்றை வேக்வம் அவ்வப்போது உறையவைக்காவிட்டால், சுமார் 200 கோடிப் பரிவர்த்தனைகளில் எண்கள் சுற்றி வந்து பழையதும் புதியதும் குழம்பிவிடும். அதைத் தடுக்கத் தரவுத்தளம் எழுதுவதையே நிறுத்திவிடும். சென்ட்ரி நிறுவனம் 2015-இல் இதனால் முடங்கியது. மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் சேவைக்கு 2019 பிப்ரவரியில் இதே கதி நேர்ந்தது. அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டாமல் விட்டால் ஒருநாள் முழுநாளும் கடையை மூடிவைத்துக் கூட்ட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சி. மோகன் 1977-இல் சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் முடித்தவர். அந்த ஆண்டுகளில் அங்கே ஐபிஎம் 370/155 கணினி இருந்தது. பின்னர் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1992-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஏரீஸ் என்கிற மீட்பு முறை பல தரவுத்தளங்களுக்கு அடித்தளம். மின்சாரம் போனாலும், சர்வர் பாதியில் விழுந்தாலும் முடிந்த பரிவர்த்தனை நிலைக்கும், முடியாதது சுவடில்லாமல் போகும் என்கிற உறுதியை அது தந்தது. அந்த முறையில் செக்பாயிண்ட் எடுக்க யாரையும் நிறுத்துவதில்லை. வேலை போய்க்கொண்டிருக்க, நிலவரத்தைக் குறித்துக்கொள்ளும். அதே 1992-இல் இந்தர்பால் நாரங்குடன் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை, மிகப் பெரிய அட்டவணைகளுக்கு இன்டெக்ஸ் கட்டுவதைப் பற்றியது. அதுவரை இன்டெக்ஸ் கட்டி முடிக்கும்வரை அட்டவணையில் யாரும் எழுதக் கூடாது. மோகனும் நாரங்கும், திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்போதே கட்டும் வழிகளைக் காட்டினார்கள். அழிக்கப்பட்ட திறவியை உடனே எடுக்காமல், அழிந்ததாகக் குறியிட்டு விட்டுவைத்து, பிறகு நிதானமாக அகற்றுவது அதில் ஒரு கூறு. குறியிடுவது, பிறகு அள்ளுவது, இரண்டுக்கும் யாரையும் நிறுத்தாமல் இருப்பது. நான் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருக்கிற கொள்கை அதுவே. பராமரிப்பு என்று சொல்லி வாசலை மூடுவது தவிர்க்க முடியாதது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், அதை ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள் இவர்கள். நம் கல்லூரிகளில் ஏரீஸ் பாடமாக இருக்கிறது. அதை எழுதியவர் இங்கே படித்துப் போனவர் என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

கடைசியாக, திங்கட்கிழமை அலுவலகம் போனதும் செய்யக்கூடியவை.

முதலில் ஜிசி லாக்கைப் போடுங்கள். அதனால் சர்வருக்குச் சுமை ஏறக்குறைய இல்லை. அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: காலை 11.42, பாஸ் ஃபுல், 7 ஜிபி இருந்தது 5 ஜிபி ஆனது, 11 விநாடி. ஃபுல் என்ற சொல் இருந்தால், நினைவகம் முழுவதையும் நிறுத்திக் கூட்டியிருக்கிறது என்று பொருள். 7 ஜிபியில் 2 ஜிபிதான் குப்பை, 5 ஜிபி உயிரோடிருக்கிறது. மேலும் சில மணி நேரத்து வரிகளைப் பாருங்கள். கூட்டி முடித்த பிறகும் அந்த 5 என்பது 5.5, 6 என்று ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒரு பட்டியலில் பொருள்களைச் சேர்த்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த ஜிசியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஏறாமல் நிலையாக நின்றால் ஹீப் போதவில்லை என்று பொருள். "தொங்குது" என்ற போன் வந்த நேரத்தையும் லாக்கின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் நோய் தெரிந்துவிட்டது.

சின்ன மேகச் சர்வர் எடுத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஒரு சிபியு, அல்லது சுமார் இரண்டு ஜிபிக்கும் குறைவான நினைவகம் என்றால், பல ஜாவா பதிப்புகளில் ஜி1 தானாக வராது. பழைய சீரியல் முறைக்கு ஓசையில்லாமல் போய்விடும். எது ஓடுகிறது என்று லாக்கின் முதல் வரியே சொல்லும். ஹீப்பின் எந்தப் பகுதியும் ஸ்வாப்புக்குப் போகக் கூடாது. ஜிசி குறியிடும்போது உயிரோடிருக்கும் பொருள்கள் உள்ள எல்லாப் பக்கத்தையும் தொட்டாக வேண்டும், அவை டிஸ்க்கில் கிடந்தால் விநாடிகள் நிமிடங்களாகும். போஸ்ட்கிரஸ்காரர்கள் ஆட்டோவேக்வத்தை அணைக்காதீர்கள். பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற செயலியைத் தேடிப் பிடியுங்கள். அது திறந்திருக்கும்வரை அதற்குப் பிறகு சேர்ந்த பழைய வரிகளை வேக்வம் அள்ளாது.

"ரீஸ்டார்ட் பண்ணு" என்கிற மருந்தை விட்டுவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாவது உண்மை. நினைவகம் காலியாகிவிடுகிறது, அதோடு தடயமும் போய்விடுகிறது. அடுத்த மாதம் அதே நாள் அதே நேரத்தில் அது மறுபடி வரும்.

அறிக்கையில் சராசரியை எழுதாதீர்கள். நூறில் 99 பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். அன்றைக்கு மிக அதிகமாகக் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தனியாக எழுதுங்கள். நிர்வாகம் முதலில் கோபப்படும், அந்த எண் அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கிற நிர்வாகம்தான் சர்வருக்குப் பணம் ஒதுக்கும், கெட்ட வினவலைத் திருத்த உங்களுக்கு நேரம் தரும். கேட்டுக்கு வெளியே காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரின் நேரத்துக்கு உங்கள் அறிக்கையில் ஒரு வரி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.